எட்டு மாநிலம், ஒரு பூட்டிய பெட்டி

அமெரிக்காவில் ஒரு மாநிலத்து டிரைவிங் லைசென்ஸ் எல்லா மாநிலத்திலும் செல்லும். கல்யாணச் சான்றிதழும் செல்லும். கைத்துப்பாக்கி பர்மிட் மட்டும் அப்படியில்லை. எல்லையில் நிற்கும் வரவேற்புப் பலகையைத் தாண்டியதும் அது பல இடங்களில் வெறும் பிளாஸ்டிக் அட்டை ஆகிவிடும். வட கரோலைனாவில் ஷெரிஃப் அலுவலகம் கொடுத்த பர்மிட்டைப் பையில் வைத்திருந்த எனக்கு இது ஏட்டளவில் தெரியும். வேலை மாறி, குடும்பத்தோடு சார்லட்டிலிருந்து நியூ ஹாம்ப்ஷயரின் நாஷுவாவுக்குக் காரில் கிளம்பியபோதுதான் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று உறைத்தது.

முதலில் ஒன்று. எச்1பி விசாவில் இருப்பவர்கள் இதை வேடிக்கை பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. குடியேற்றமில்லாத விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதையே மத்திய சட்டம் தடுக்கிறது. வேட்டை லைசென்ஸ் மாதிரி சில விலக்குகள் உண்டு, ஆனால் அந்தச் சந்துக்குள் வக்கீல் இல்லாமல் நுழையக் கூடாது. நானும் கிரீன் கார்டு வந்த பிறகுதான் வாங்கினேன். ஒன்பது எம்எம் பிஸ்டல் ஒன்று. ரேஞ்சுக்குப் போய் சுடுவது பிடிக்கும், அவ்வளவுதான். வேறு பெரிய காரணம் இல்லை.

நாஷுவா என்றதும் நியூ ஜெர்சி நண்பன் போன் போட்டான்.

"டேய், நைன்டி ஃபைவ் ஹைவேல தானே வர்ற? எடிசன்ல ஒரு நாள் தங்கிட்டுப் போ. பசங்களுக்கு ஓக் ட்ரீ ரோட்ல தோசை வாங்கித் தர்றேன்."

"அந்தப் பக்கம் வரலடா. கார்ல பிஸ்டல் இருக்கு."

"அதான் லைசென்ஸ் வச்சிருக்கியே, அப்புறம் என்ன?"

"உங்க ஊர்ல அது செல்லாதுடா."

"ஒரு ராத்திரி தானே, யாருக்குத் தெரியப் போகுது?"

எல்லாச் சிக்கலும் அந்த 'ஒரு ராத்திரி'யில்தான் இருக்கிறது.

1986-இல் மத்திய அரசு கொண்டுவந்த துப்பாக்கி உரிமையாளர் பாதுகாப்புச் சட்டத்தில் பயணிகளுக்கென்று ஒரு பிரிவு உண்டு: 926ஏ. கிளம்பும் இடத்திலும் போய்ச் சேரும் இடத்திலும் அந்தத் துப்பாக்கியை வைத்திருக்கவும் எடுத்துச் செல்லவும் உனக்குச் சட்டப்படி உரிமை இருந்தால், நடுவில் இருக்கும் மாநிலங்களின் சட்டம் என்னவாக இருந்தாலும் கடந்து போகலாம் என்கிறது. நிபந்தனைகள் உண்டு. துப்பாக்கியில் தோட்டா இருக்கக் கூடாது. துப்பாக்கியும் தோட்டாவும் உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து எட்டி எடுக்கும்படி இருக்கக் கூடாது. டிக்கி தனியாக இல்லாத வண்டி என்றால் பூட்டிய பெட்டிக்குள் இருக்க வேண்டும். டேஷ்போர்டில் இருக்கும் க்ளவ் பாக்ஸும், இரண்டு சீட்டுக்கு நடுவில் இருக்கும் கன்சோலும் பூட்டியிருந்தாலும் கணக்கில் சேராது.

'கடந்து போகலாம்' என்பதில்தான் நுணுக்கம். தங்கினால் கடந்து போவதாகுமா? 2005-இல் யூட்டாவைச் சேர்ந்த ஒருவர் பென்சில்வேனியாவின் ஆலன்டவுனுக்குப் போகக் கிளம்பினார். நெவார்க்கில் விமானம் மாற வேண்டும். முதல் விமானம் தாமதம், அடுத்ததைத் தவறவிட்டார். பஸ்ஸில் போகப் பார்த்தார், பெட்டி வந்து சேரவில்லை. பெட்டி கைக்கு வந்தபோது பஸ் போயிருந்தது. பெட்டியை எடுத்துக்கொண்டு ஹோட்டலில் தூங்கிவிட்டு, மறுநாள் காலை நெவார்க் கவுன்ட்டரில் முறைப்படி 'துப்பாக்கி இருக்கிறது' என்று அவரே சொன்னார். கைது செய்து ஜெயிலில் போட்டார்கள். பிறகு வழக்கைக் கைவிட்டார்கள் என்பது வேறு விஷயம். அவர் நஷ்டஈடு கேட்டுப் போட்ட வழக்கில் 2010-இல் மூன்றாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்ன தீர்ப்பின் சாரம் இது: ஹோட்டல் அறையில் பெட்டி அவர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது, ஆகவே 926ஏ அவரைக் காப்பாற்றாது. இத்தனைக்கும் அந்த ராத்திரி அங்கே தங்க அவர் ஆசைப்படவே இல்லை. எடிசனில் தோசை சாப்பிட்டுவிட்டுத் தூங்கும் நான் எந்த மூலைக்கு?

நியூ ஜெர்சியில் பர்மிட் இல்லாமல் கைத்துப்பாக்கி வைத்திருந்தால் கிரேவ்ஸ் சட்டப்படி குறைந்தபட்சம் மூன்றரை வருடம் பரோல் இல்லாத சிறை. 2013-இல் ஃபிலடெல்பியாவைச் சேர்ந்த ஒரு தாய், இரண்டு பிள்ளைகளோடு தனியாக இருப்பவர், பாலத்தைத் தாண்டி நியூ ஜெர்சிக்குள் போனபோது போலீஸ் நிறுத்தியது. பென்சில்வேனியா பர்மிட் இருக்கிறது, பையில் துப்பாக்கி இருக்கிறது என்று அவராகவே சொன்னார். நேர்மையாக நடந்ததற்குக் கிடைத்தது கைது. கவர்னர் மன்னிப்பு வழங்க 2015 ஆனது. இதையெல்லாம் நண்பனிடம் சொன்னேன். "உனக்கு எங்க வீட்டுக்கு வர இஷ்டமில்லன்னு சொல்லு" என்று வைத்துவிட்டான். கோபம் தணியக் கொஞ்ச நாள் ஆனது.

ஆக வழி மாறியது. சார்லட்டிலிருந்து வடக்கே எழுபத்தேழாம் எண் நெடுஞ்சாலை, வித்வில்லில் எண்பத்தொன்றைப் பிடித்தால் வர்ஜீனியாவின் பள்ளத்தாக்கு முழுக்க ஒரே சாலை. அப்புறம் மேற்கு வர்ஜீனியா 26 மைல், மேரிலாந்து 12 மைல், பென்சில்வேனியா. ஸ்க்ரான்டன் தாண்டி நியூயார்க்கின் பிங்கம்டன். அங்கிருந்து எண்பத்தெட்டில் ஆல்பனி பக்கம், டிராய் வழியாக வெர்மான்டின் பென்னிங்டன், பிராட்டில்போரோ, கடைசியில் நியூ ஹாம்ப்ஷயரின் கீன். சுற்றுத்தான். மேப்பைப் பார்த்த மனைவி, "ஏங்க, இதுக்கு அந்தத் துப்பாக்கிய வித்துட்டுப் போயிடலாமே" என்றாள். யோசிக்க வேண்டிய ஆலோசனைதான். இன்னொரு வழியும் இருந்தது. இங்கே உள்ள லைசென்ஸ் பெற்ற டீலர் மூலம் அங்கே உள்ள டீலருக்கு அனுப்பிவிட்டு, குடிபோன பிறகு பின்னணிச் சோதனை முடித்து வாங்கிக்கொள்வது. இரண்டு பக்கமும் கட்டணம் உண்டு. ஆனால் மனசுக்கு நிம்மதி. நடுவில் நியூயார்க், நியூ ஜெர்சி இரண்டையும் கடந்தே ஆக வேண்டியவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன். எனக்கு நியூயார்க்கை மட்டும் தவிர்க்க முடியவில்லை. அதை நிற்காமல் கடந்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

நியூயார்க் எந்த வெளி மாநில பர்மிட்டையும் ஏற்பதில்லை. 2022-இல் புருயென் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னதும், 'இனிமேல் எங்கும் கொண்டுபோகலாம்' என்று வாட்ஸாப்பில் ஒரு அலை அடித்தது. தீர்ப்பு அடித்தது, பர்மிட் கேட்பவர் தனிக் காரணம் காட்ட வேண்டும் என்ற விதியை. பர்மிட் வேண்டும் என்பதை அல்ல. அந்த வருடமே நியூயார்க் புதுச்சட்டம் போட்டுத் தடை செய்த இடங்களின் பட்டியலை நீட்டிவிட்டது.

தோட்டாவை அடுக்கித் துப்பாக்கிக்குள் செருகும் மேகசின் விஷயத்தையும் பலர் கவனிப்பதில்லை. நியூயார்க்கில் பத்துத் தோட்டாவுக்கு மேல் கொள்ளும் மேகசின் கையில் இருப்பதே குற்றம். 926ஏ பிரிவில் துப்பாக்கி, தோட்டா என்று இருக்கிறதே ஒழிய மேகசினைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. பிஸ்டலோடு வந்தவை பதினைந்து கொள்பவை. அவற்றைச் சார்லட்டிலேயே ரேஞ்ச் நண்பர் ஒருவரிடம் கொடுத்துவிட்டு, பத்து கொள்ளும் மேகசின் இரண்டு வாங்கினேன். முனையில் குழி உள்ள ஹாலோ பாயின்ட் தோட்டாவுக்கு நியூ ஜெர்சியில் தனிக் கட்டுப்பாடு உண்டு. அங்கே போகாவிட்டாலும் அதையும் தீர்த்துவிட்டேன். சாதாரணப் பயிற்சித் தோட்டா ஒரு பெட்டி, அதுவும் கடையில் வாங்கிய அட்டைப் பெட்டியிலேயே.

வீட்டுச் சாமான் ஏற்றும் மூவர்ஸ் தோட்டாவைத் தொடவே மாட்டார்கள். வெடிபொருள், கேஸ் சிலிண்டர், பெயின்ட் எல்லாம் ஒரே பட்டியல். எனவே எல்லாம் நம் காரில்தான்.

எங்கள் கார் எஸ்யூவி. டிக்கி தனியாகக் கிடையாது, பின் சீட்டுக்குப் பின்னால் திறந்த இடம்தான். அதனால் பூட்டிய பெட்டி என்பது எங்களுக்குக் கட்டாயம். பிஸ்டலின் ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்து நிறுத்தி, தோட்டா உட்காரும் சேம்பருக்குள் விரலை விட்டுப் பார்த்து, மஞ்சள் நிற பிளாஸ்டிக் கொடி ஒன்றைச் செருகிக் கெட்டியான பெட்டிக்குள் வைத்தேன். இரண்டு பக்கமும் பூட்டு. தோட்டாவும் மேகசினும் வேறொரு சின்ன இரும்புப் பெட்டியில், வேறு சாவி. துப்பாக்கிப் பெட்டியைக் கம்பிக் கயிற்றால் பின் சீட்டின் இரும்பு வளையத்தோடு பிணைத்தேன். மேலே வெட் கிரைண்டர் அட்டைப் பெட்டி, அதற்கும் மேலே பசங்களின் போர்வைகள். கிரைண்டரைத் தூக்காமல் யாரும் அதைத் தொட முடியாது. அதைத் தூக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சாவி இரண்டும் என் மடிக்கணினிப் பையின் உள்ஜிப்பில், பையும் பின்னால். காரில் துப்பாக்கிக் கம்பெனி ஸ்டிக்கர் எதுவும் ஒட்டுவதில்லை. மோட்டல் வாசலில் திருடனுக்கு விளம்பரம் எதற்கு?

பர்மிட் செல்லும் மாநிலங்களில் இடுப்பில் வைத்துக்கொண்டு, செல்லாத இடத்துக்கு முன் நிறுத்திப் பெட்டியில் போடுகிறவர்கள் உண்டு. ரெஸ்ட் ஏரியாவில், குழந்தைகள் பாத்ரூம் போகும் நேரத்தில், தோட்டாவைக் கழற்றிப் பூட்டிக்கொண்டு நிற்பது எனக்குச் சரியாகப் படவில்லை. யாராவது பார்த்து 911 அழைத்தால் கதை வேறு. மேரிலாந்தின் அந்த 12 மைல் பதினைந்து நிமிடத்தில் போய்விடும், அதற்குள் எல்லையை மறந்துவிடவும் முடியும். வீட்டில் பூட்டிய பெட்டி வீட்டில்தான் திறக்கும் என்று வைத்துக்கொண்டேன்.

வர்ஜீனியாவில் ஹாரிசன்பர்க் தாண்டி மாநிலப் போலீஸ் ட்ரூப்பர் ஒருவர் நிறுத்தினார். கூரைமேல் கட்டியிருந்த பையின் வார் காற்றில் படபடத்துக்கொண்டிருந்ததாம். வண்டியை ஓரம் கட்டி, ஜன்னலை இறக்கி, இரண்டு கையையும் ஸ்டீயரிங் மேல் வைத்துக்கொண்டேன். பின்னாலிருந்து வந்தவர் வலப்பக்க ஜன்னலுக்கு வந்து குனிந்தார். மனைவியின் மூச்சே எனக்குக் கேட்டது. லைசென்ஸ் கேட்டார். "பின் பாக்கெட்டில் இருக்கிறது, எடுக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் எடுத்தேன். வண்டி நிறையச் சாமானைப் பார்த்துவிட்டு, ஆயுதம் ஏதாவது உண்டா என்று கேட்டார்.

"இருக்கிறது சார். தோட்டா இல்லாத பிஸ்டல், பின்னால் பூட்டிய பெட்டியில். நியூ ஹாம்ப்ஷயருக்கு வீடு மாறுகிறோம்."

"சரி, அதை அங்கேயே விட்டுவிடுங்கள். வாரை இறுக்கிக் கட்டுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பின் சீட்டிலிருந்து பெரியவன், "அப்பா, நம்மள அரெஸ்ட் பண்ணலயா?" என்றான். கொஞ்சம் ஏமாற்றம் மாதிரி இருந்தது.

கேட்காமலே நாமாகச் சொல்ல வேண்டுமா என்பதும் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. வட கரோலைனாவிலும் மிச்சிகனிலும் மறைத்து வைத்துக்கொண்டு போகிறவர் போலீஸிடம் தானாகச் சொல்லியாக வேண்டும். பல மாநிலங்களில் கேட்டால் சொன்னால் போதும். எங்கேயும் பொய் சொல்லக் கூடாது. சொல்லும்போது முதல் வார்த்தையே 'கன்' என்று ஆரம்பிக்கக் கூடாது. காது கேட்பது அந்த ஒரு வார்த்தையை மட்டும்தான். பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னால், சோதனைக்குச் சம்மதமில்லை என்று பணிவாகச் சொல்லும் உரிமை நமக்கு உண்டு. சொன்ன பிறகும் அவர்கள் தேடினால் தடுக்கக் கூடாது, பேச வேண்டிய இடம் கோர்ட்.

ராத்திரி பென்சில்வேனியாவின் கார்லைலில் தங்கினோம். லாரிக்காரர்கள் தங்கும் ஊர், மோட்டலுக்குப் பஞ்சமில்லை. வேற்று மாநிலத்தில் முறையாகப் பெற்ற பர்மிட் இருப்பவர் வண்டியில் துப்பாக்கி வைத்திருக்கப் பென்சில்வேனியா சட்டத்திலேயே விலக்கு உண்டு. அதனால்தான் தங்குவதற்கு அந்த மாநிலத்தைத் தேர்ந்தெடுத்தேன். கிரைண்டரை இறக்கி, பெட்டியை ஒரு சாதாரண டஃபிள் பைக்குள் போட்டு அறைக்குள் கொண்டுபோனேன். காரில் துப்பாக்கியை ராத்திரி முழுக்க விடுவதைவிட முட்டாள்தனம் இல்லை. திருட்டுத் துப்பாக்கிகளில் நிறைய மோட்டல் பார்க்கிங்கில்தான் கைமாறுகின்றன என்று ரேஞ்ச் பயிற்சியாளர் சொல்லிக்கொண்டே இருப்பார்.

மறுநாள் பிங்கம்டனுக்கு முன்பே, பென்சில்வேனியாவுக்குள்ளேயே பெட்ரோல் நிரப்பி, புளிச்சோறும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டுவிட்டுத்தான் எல்லை தாண்டினோம். பெட்ரோல் போடவும் பாத்ரூம் போகவும் நிற்பது பயணத்தின் பகுதிதான். ஆனால் நியூயார்க்கில் உறவினர் வீட்டில் மதியச் சாப்பாடு, நயாகராவுக்கு ஒரு சுற்று என்று கிளைத்தால் அது பயணம் இல்லை, வருகை. பிறந்தநாள் விழாவுக்கு ஆல்பனிக்குக் கூப்பிட்ட ஒன்றுவிட்ட அக்காவிடமும் இதே பாட்டுத்தான். 926ஏ பிரிவை அச்சடித்துப் பர்மிட், வாங்கிய ரசீது, புது வீட்டு ஒப்பந்தம் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் வைத்திருந்தேன். அது கைதைத் தடுக்கும் கவசம் என்று நினைக்க வேண்டாம். நியூயார்க் விமான நிலையங்களில் முறைப்படி சொல்லியும் கைதானவர்கள் உண்டு. வழக்கு வந்த பிறகு காட்ட உதவும் காகிதம் அது.

விமானத்தில் கொண்டுபோவது இதைவிட எளிது என்பது என் அனுபவம், நெவார்க்கும் நியூயார்க்கும் வழியில் இல்லாதவரை. முன்பு சார்லட்டிலிருந்து டல்லாஸுக்கு ஒரு பயிற்சி வகுப்புக்குக் கொண்டுபோயிருக்கிறேன். தோட்டா இல்லாத துப்பாக்கி, கெட்டியான பூட்டிய பெட்டி, செக்-இன் லக்கேஜில் மட்டும். கவுன்ட்டரில் இருந்த பெண் புதியவர். "தோட்டா இல்லாத ஃபயர்ஆர்ம் ஒன்று டிக்ளேர் செய்ய வேண்டும்" என்றதும் முகம் வெளுத்து மேலதிகாரியைக் கூப்பிட்டார். அவர் ஆரஞ்சு நிறச் சீட்டு ஒன்றைக் கொடுத்தார். கையெழுத்துப் போட்டுப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன். சாவி பயணியிடம் மட்டும்தான் இருக்க வேண்டும். ஸ்கேன் முடியும்வரை அருகிலேயே நின்றேன். தோட்டாவும் முறையான பெட்டியில் செக்-இன்னில்தான் போக வேண்டும், பல விமான நிறுவனங்கள் ஐந்து கிலோ வரை அனுமதிக்கின்றன. கைப்பையில் மறந்து வைத்துவிட்டுச் சோதனை வரிசையில் போய் நிற்கிறவர்கள்தான் அகப்படுகிறார்கள். 2023-இல் மட்டும் அப்படிப் பிடிபட்ட துப்பாக்கிகள் 6,737. அவற்றில் 93 சதவீதம் தோட்டா நிரப்பியவை. அபராதம் அப்போதே 14,950 டாலர் வரை.

ஊரில் பெரியப்பாவிடம் இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று இருந்தது. தேர்தல் அறிவித்ததும் அதைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கிவருவார். லைசென்ஸில் எந்த எல்லைவரை செல்லும் என்று எழுதியிருக்கும், அதைத் தாண்ட மாட்டார். அமெரிக்காவில் துப்பாக்கி இஷ்டம்போல என்று நம்பி வருகிறோம். அவருக்கு அந்த அட்டையில் எழுதியிருந்த ஒரு வரி போதும். எனக்கு எட்டு மாநிலத்துச் சட்டம் படிக்க வேண்டியிருந்தது.

நியூ ஹாம்ப்ஷயரில் 2017 முதல் மறைத்து வைத்துக்கொண்டு போகவும் பர்மிட் தேவையில்லை. ஆனாலும் ஊர்ப் போலீஸில் 10 டாலர் கட்டி லைசென்ஸ் வாங்கிக்கொண்டேன், அதை மதிக்கும் வெளி மாநிலங்களுக்காக. வந்து சேர்ந்த பிறகு புரிந்தது, ஆயிரம் மைலில் இல்லாத ஆபத்து இங்கே பத்து நிமிடத்தில் இருக்கிறது. நாஷுவாவிலிருந்து தெற்கே கொஞ்சம் போனால் மாசசூசெட்ஸ். இந்தியக் கடை அந்தப் பக்கம், ஆஷ்லாண்டில் லட்சுமி கோவில் அந்தப் பக்கம், பலருக்கு ஆபீஸும் அந்தப் பக்கம். அங்கே லைசென்ஸ் இல்லாமல் வீட்டுக்கு வெளியே துப்பாக்கியோடு பிடிபட்டால் குறைந்தது பதினெட்டு மாதம். நியூ ஹாம்ப்ஷயர்க்காரர்கள் இருவர் அங்கே கார் விபத்துக்குப் பிறகு துப்பாக்கியோடு அகப்பட்ட வழக்குகள் மாசசூசெட்ஸ் உச்ச நீதிமன்றம் வரை போயின. 2025 மார்ச்சில் வந்த தீர்ப்பில் வெளி மாநிலத்தவருக்கான பழைய லைசென்ஸ் விதி செல்லாது என்றார்கள், ஆனால் 2022-இல் திருத்திய விதி செல்லும், பக்கத்து மாநிலத்துக்காரரும் லைசென்ஸ் வாங்கித்தான் வர வேண்டும் என்றும் சொல்லிவிட்டார்கள்.

துப்பாக்கியைக் கூட மறக்க மாட்டோம், அது கனம். தோட்டா அப்படியில்லை. அங்கே உரிய அட்டை இல்லாமல் தோட்டா வைத்திருப்பதும் தனிக் குற்றம். ரேஞ்சிலிருந்து வரும் பையிலிருந்து ஒன்று நழுவி சீட் தண்டவாளத்துக்குள் போய்விட்டால் வெளியே தெரியவே தெரியாது. அதனால் எங்கள் வீட்டில் ரேஞ்சுக்கு என் பழைய கார் மட்டும், அது மாசசூசெட்ஸ் பக்கம் போவதே இல்லை. கோவிலுக்கும் கடைக்கும் மனைவியின் எஸ்யூவி. அவள் காரில் ரேஞ்ச் பையை ஏற்ற எனக்கு அனுமதி இல்லை.